சின்ன எம், பெரிய எம்

நான் நாவல் எழுதுவது கம்ப்யூட்டரில். படங்களைத் தொட்டு வேலை வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி வாங்குவதே பழக்கம். எழுதியதை இரவுதோறும் பிரதி எடுத்து, அன்றைய தேதியையே அதற்குப் பெயராகச் சூட்டும்படி ஒரு கட்டளையும் எழுதி வைத்திருந்தேன். சென்ற மாதம், பெயர் வரிசையில் கடைசியாக நின்ற பிரதிதான் புதியது என்று நம்பி மற்றவற்றையெல்லாம் அழித்துவிட்டேன். பிறகுதான் அந்தப் பெயரை உற்றுப் பார்த்தேன். 47-ஆம் மாதமாம்! இரண்டு முறை திருத்திய அத்தியாயம் போய், திருத்தாதது மிஞ்சியிருந்தது.

விடை எந்த வடிவில் வேண்டும் என்பதைக் கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் எழுத்துக்களால் சொல்ல வேண்டும். 'டேட்' என்ற கட்டளைக்குச் சின்ன 'எம்' என்றால் மாதம்; பெரிய 'எம்' என்றால் நிமிஷம். நான் பெரியதைப் போட்டிருந்தேன். பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசற்படியில் எண்ணெயைக் கொட்டி வைத்துவிட்டு, வழுக்கி விழுந்தவனைப் பார்த்து நடக்கத் தெரியாதவன் என்று சொல்வது என்ன நியாயம்?

என் என்ஜினீயர் நண்பர் ஒருவர், "சுருக்கம் சார், பழகினால் சரியாகிவிடும்" என்றார். 1969-இல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். அந்நாளைய டெலிடைப் யந்திரம் விநாடிக்கு 10 எழுத்துத்தான் அடிக்கும். ஒவ்வோர் எழுத்தும் காசு. இன்று பாதி வார்த்தையைத் தட்டி ஒரு விசையை அமுக்கினால் மீதியை யந்திரமே நிரப்பிவிடுகிறது. சிக்கனம் யாருக்காக?

சரி, பழகலாம் என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பழகுவது? 'டிஎஃப்' கட்டளையில் 'எச்' போட்டால் டிஸ்கின் அளவை மனிதன் படிக்கும்படி காட்டும். (மனிதனுக்குப் புரியும்படி சொல் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதைக் கவனியுங்கள்!) 'கிரெப்'பில் அதே 'எச்' கோப்பின் பெயரை மறைக்கும். வேறு பலவற்றில் அதுவே உதவி கேட்கும் எழுத்து. 'ஸ்டாட்' என்ற கட்டளையோ இன்னும் மோசம். மாக் கம்ப்யூட்டரில் விடையின் வடிவத்தைச் சொல்ல 'எஃப்'. லினக்ஸில் அதற்குச் 'சி'. அங்கே போய் 'எஃப்' என்றால், கேட்ட கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் டிஸ்க் பகுதியின் கணக்கை ஒப்பிக்கிறது.

க்னூ திட்டத்தார் முழு வார்த்தைகளையும் ஏற்கும்படி செய்தார்களே என்பீர்கள். செய்தார்கள், நன்றி. 'டேட்' கட்டளையில் வருஷம், மாதம், நாள் என்று ஒழுங்காக வாங்க அவர்கள் தந்த வார்த்தை 'ஐஎஸ்ஓ-8601'. அது வார்த்தையா, வாகன நம்பரா? 'மாதம்' என்று எழுதினால் மாதமும், 'நிமிஷம்' என்று எழுதினால் நிமிஷமும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். சுருக்கெழுத்து வேண்டியவர்கள் அதையும் வைத்துக்கொள்ளட்டும்.

அத்தியாயத்தை மறுபடி திருத்திக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "மாதத்துக்குச் சின்ன எம்."