நான்கு மணிக் காப்பி



"எப்பொழுது எழுதுகின்றீர்கள்?" என்று பலரும் கேட்கின்றீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு, தாண்டிக்குடிக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாலில்லாக் காப்பியுடன்! ஃபஜ்ரு பாங்குக்குள் இரு பக்கங்கள் முடியாவிட்டால் அன்று முழுவதும் எனக்கு எதுவும் சரிப்படாது.

இந்தப் பித்துக்கு நான் சரித்திரச் சான்றே காட்டுவதுண்டு. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் உறக்கம் வாராதிருக்கப் பருகியது கஹ்வா. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. இன்று எங்கள் மலைச்சரிவிலும் மர நிழலில், மிளகுக் கொடிகளின் அருகே காப்பி காய்க்கின்றது.

சென்ற மாதம் என் துணைவியாருக்குக் கடுங்காய்ச்சல். மூன்றரை மணிக்கு அவர் தலைமாட்டுக் கடிகாரம் ஒலித்தது. நடுங்கியபடியே எழ முயன்றார். "ஏன் இந்நேரத்தில்?" என்றேன்.

"அடுப்புப் பத்தவைக்க வேணாமா?"

முப்பது ஆண்டுகளாக அந்தக் கடிகாரம் ஒலித்திருக்கின்றது. யமன் வரை அறிந்தவன் அதனைக் கேட்டதில்லை!

அவரைப் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்குச் சென்றேன். தூள் டப்பாவைத் தேடவே கால் மணி நேரம். போட்ட காப்பியும் பொங்கி வழிந்தது. அன்று ஒரு வரியும் எழுதவில்லை.

இப்பொழுது மூன்றரைக் கடிகாரம் என் தலைமாட்டில். அவருக்கும் ஒரு குவளை வைக்கின்றேன். ஒரு வாய் பருகிவிட்டு, மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுகின்றார்.