அறுத்த கம்பியை வாங்காதீர்!

பத்தாண்டுகளுக்கு முன்பு மின்சாரத்தில் ஓடும் கார் என்று சொல்லியிருந்தால் நம்மவர்கள் சிரித்திருப்பார்கள். இன்று அது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் துணிக்கடை வாசலில் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. சரக்கு ஏற்றும் ஆட்டோவும் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. டீசல் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்த வணிகரும் இன்றோ நாளையோ இதைப் பற்றி யோசிக்கத்தான் போகிறார்.

உள்ளூர் ஓட்டத்துக்கு வீட்டில் ஏற்றும் மின்சாரம் போதும். திருச்சியில் கொள்முதல் முடித்து, தஞ்சாவூர் போய், கந்தர்வகோட்டை வழியாகத் திரும்பி, அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று வசூலுக்குச் சுற்றுகிறவருக்கு அது போதாது. வழியில் பொது சார்ஜிங் நிலையம் இருந்தே தீர வேண்டும். 2018 டிசம்பரில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நகரங்களில் 3 கிலோ மீட்டருக்கு 3 கிலோ மீட்டர் கட்டத்துக்குள் ஒன்று, நெடுஞ்சாலைகளில் 25 கிலோ மீட்டருக்கு ஒன்று என்று கணக்கு வகுத்தார்கள். 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளில் 7,432 விரைவு சார்ஜர்கள் வைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024ல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. இது யார் வீட்டுப் பணம்? நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டுகிற வரிப்பணம்!

இவ்வளவு செலவில் நிற்கப்போகும் இயந்திரத்தை இரண்டே நிமிடத்தில் பிணமாக்கிவிட முடியும் என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறோம்.

விரைவு சார்ஜரின் உயிர் அதன் கேபிளில் இருக்கிறது. கட்டை விரலைவிடத் தடித்த ரப்பர் உறைக்குள் கனமான செம்புக் கம்பிகள் ஓடுகின்றன. வண்டியில் செருகி, வண்டியும் இயந்திரமும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட பிறகுதான் அதில் மின்சாரம் பாயும். மற்ற நேரத்தில் அது வெறும் கயிறு. பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடே திருடனுக்கும் பாதுகாப்பாகிவிட்டது! ஷாக் அடிக்கும் என்ற பயம்கூட அவனுக்கு இல்லை.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே எலக்ட்ரிஃபை அமெரிக்கா என்று ஒரு பெரிய சார்ஜிங் நிறுவனம். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு கேபிள் அறுபட்டால் அதிகம். 2023ல் ஓராண்டில் 125 கேபிள்கள் போயின. 2024ல் மே மாதத்துக்குள்ளேயே 129 போய்விட்டன. திருடனுக்கு ஒரு கேபிளுக்குக் கிடைப்பது 15 முதல் 20 டாலர்தானாம். நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு. செல்வம் கொழிக்கும் நாடு, மூலைக்கு மூலை காமிரா உள்ள நாடு என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கும் தேசத்தின் கதை இது. பிரிட்டனில் இன்ஸ்டாவோல்ட் என்ற நிறுவனம் கேபிள் போகும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவிகளைப் பொருத்தும் நிலைக்கு வந்துவிட்டது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நமக்கு இந்தத் திருட்டு புதிதா என்ன? வயற்காட்டு மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்துப் போவது எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது! டிரான்ஸ்பார்மரில் எண்ணெயை வடித்துவிட்டு உள்ளே இருக்கும் செம்புச் சுருளை உருவிச் செல்லும் கூட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிச் சலித்துவிட்டன. அதே ஆள், அதே கத்தி, அதே செம்பு. பொருள் மட்டும்தான் புதிது. சார்ஜர்கள் பெரும்பாலும் பெட்ரோல் பங்க்கிலும் உணவக வாசலிலும் ஆள் நடமாட்டத்துக்கு மத்தியில் இருக்கும்வரை ஓரளவுக்குத் தப்பிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில், இரவில் யாருமில்லாத இடத்தில் நிற்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

சென்னையில் ஒன்று போனால் அடுத்த தெருவில் இன்னொன்று உண்டு. அறந்தாங்கியிலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கும் வழியில் இருக்கும் ஒன்று போனால்? பேட்டரி தீர்ந்த வண்டியோடு குடும்பத்தை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் நிற்பவர் என்ன செய்வார்? பக்கத்து ஊரில் பாட்டிலில் வாங்கிவந்து ஊற்ற அது பெட்ரோல் அல்லவே! இன்னொன்றையும் யோசியுங்கள். நம் சகோதரர் ஒருவர் வங்கியில் கடன் வாங்கி, பல லட்சம் போட்டு, தன் உணவகத்தின் முன்னால் சார்ஜர் வைக்கிறார். மூன்றாவது மாதம் கேபிள் போகிறது. மறுபடி வாங்கி மாட்டுகிறார். மறுபடியும் போகிறது. அவர் மூன்றாவது முறை மாட்டுவாரா? அவரைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர் துணிவாரா? பின்தங்கிய மாவட்டம் என்ற பெயர் நமக்கு ஏற்கனவே உண்டு.

இனி நாம் நேரடியாகப் பேச வேண்டியது நம் வணிகர்களிடம்தான். அதிலும் பழைய இரும்பு, பித்தளை, செம்பு வாங்கி விற்கும் சகோதரர்களிடம்.

திருடன் அந்தச் செம்பைத் தின்னப் போவதில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு தராசு. அந்தத் தராசு எந்தக் கடையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய இரும்புக் கடைக்குச் சென்னையில் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பார்கள். நம்மவர்கள் வியர்வை சிந்தி வளர்த்த தொழில். அதில் ஹலாலாகச் சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் ஆயிரம் ஆயிரம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் இரண்டு கிலோ எரித்த செம்பு அத்தனை பேர் கடை வாசலிலும் போலீஸ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். பிடிபட்ட திருடன் முதலில் சொல்லும் பெயர் கூட்டாளியின் பெயரல்ல, வாங்கியவரின் பெயர்!

"கடைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஜாதகம் பார்க்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மற்றப் பொருளுக்கு முடியாமல் போகலாம். இந்தக் கேபிளுக்கு முடியும். வீட்டு ஒயரிங்கில் இப்படி ஒரு தடிமன் கிடையாது. இரண்டு கனத்த கம்பி, ஓர் எர்த் கம்பி, கூடவே மெல்லிய சமிக்ஞைக் கம்பிகள், எல்லாம் ஒரே உறைக்குள்! உறையோடு வந்தால் பார்த்தவுடனே தெரியும். எரித்துக் கொண்டுவந்தால் கருகல் நிறம் காட்டிக் கொடுக்கும். நேர்மையான எலக்ட்ரீசியன் வேலை முடிந்த மிச்சத்தை எரித்தா கொண்டுவருகிறார்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136வது பிரிவு, உரிமையாளரின் சம்மதமின்றி மின்கம்பியையோ மின்பொருளையோ வெட்டுவதை மட்டும் திருட்டு என்று சொல்லவில்லை. தன் இடத்தில் வைத்திருப்பதும் திருட்டு. வண்டியில் ஏற்றிச் செல்வதும் திருட்டு. லாபத்துக்காகச் செய்தாரா இல்லையா என்பதுகூட அங்கே கேள்வியில்லை. மூன்றாண்டு வரை சிறை. இரண்டாவது முறை என்றால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317வது பிரிவு தனியாக இருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வணிகரே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்றும் வந்துவிட்டது. ஆக, வாங்கியதை எழுதித்தான் தீர வேண்டும். எழுதுகிற அதே நோட்டில் கொண்டுவந்தவர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து எழுதுவதில் என்ன கஷ்டம்?

பிரிட்டனில் ரயில்வே கேபிள்களும் தேவாலயக் கூரை ஈயமும் தொடர்ந்து களவு போனபோது அரசு கை வைத்தது திருடன் மீதல்ல, தராசின் மீது. 2012 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடைக்கு உரிமம், விற்பவரின் அடையாளச் சரிபார்ப்பு, மூன்றாண்டுக்குப் பதிவேடு என்று இறுக்கினார்கள். உலோகத் திருட்டு கணிசமாகக் குறைந்தது. செம்பு விலை இறங்கியதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் வாங்க ஆளில்லாத பொருளை யார் திருடுவார்? அப்படியொரு சட்டம் இங்கே வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. செம்புக்கு ரொக்கம் இல்லை, எரித்த கம்பி எடுப்பதில்லை என்று மாவட்டத்துப் பழைய இரும்பு வியாபாரிகள் கூடிப் பேசி முடிவெடுத்து, கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாலே போதும்.

இளைஞர்களே! உங்களிடமும் இரண்டு வார்த்தை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, சாய்ந்த மின்கம்பங்களை மின் ஊழியர்களோடு சேர்ந்து தோளில் சுமந்து நட்டவர்கள் ஊர் இளைஞர்கள்தான். இருட்டு என்றால் என்ன என்று அனுபவித்தவர்கள் நீங்கள். ஆகவே சார்ஜரின் சிவப்புப் பொத்தானை விளையாட்டுக்கு அழுத்துவது, திரையில் கல்லால் கீறுவது, கேபிளைத் தரையில் போட்டு அதன் மேல் பைக்கை ஏற்றுவது போன்ற வேலைகளில் நம் பிள்ளைகள் யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புப் பொத்தான் ஆபத்தில் மின்சாரத்தை நிறுத்துவதற்காக வைத்தது. வேடிக்கைக்கு அழுத்திவிட்டுப் போனால் அடுத்து வருபவருக்கு இயந்திரம் வேலை செய்யாது. சார்ஜருக்கான இடத்தில் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும் பெரிய மனிதர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய ஆளைக் கண்டால்? வண்டி எண்ணைக் குறியுங்கள், தூரத்திலிருந்து படம் எடுங்கள், 100க்குச் சொல்லுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். விரட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்! 2021 நவம்பரில் ஆடு திருடர்களை இரவில் தனியாக விரட்டி வந்த நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் நம் கீரனூர்ப் பகுதியில்தான் வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடை அணிந்தவருக்கே அந்த கதி. பிடித்தவரைக் கட்டி வைத்து அடிக்கவும் வேண்டாம். 2022 நவம்பரில் கோயில் பொருள் திருடியதாகச் சந்தேகித்து ஒரு குடும்பத்தைக் கூட்டம் தாக்கியதில் பத்து வயதுச் சிறுமியின் உயிர் போனதும் இதே மாவட்டத்தில்தான். குறி சொல்லும் குடும்பம், ஊசி பாசி விற்பவர், வடநாட்டுத் தொழிலாளி, தொப்பி போட்டவர் என்று முகத்தைப் பார்த்தே திருடன் பட்டம் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சார்ஜருக்கு இடம் ஒதுக்கும்போது வாடகை குறைந்த மூலையைத் தேடாதீர்கள். பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, விடிய விடிய எரியும் டீக்கடை இருக்கும் இடம் பார்த்து வையுங்கள். மேலே பிரகாசமான விளக்கு, கை எட்டாத உயரத்தில் காமிரா இரண்டும் நிபந்தனையாக இருக்கட்டும். இயந்திரம் இணையத்தில் இருக்கிறது. கேபிள் அறுந்தால் உடனே தகவல் போகும்படி செய்ய முடியும். அந்தத் தகவல் பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள அலுவலகத்துக்கு மட்டும் போய் என்ன பயன்? இரவு ரோந்துக் காவலருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் சேர்த்து வரட்டும். புகார் கொடுக்க வருபவரிடம், "கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே வழக்குப் பதிவு செய்யுங்கள். பழைய இரும்புக் கடைகளில் சோதனை என்றால் பதிவேட்டைப் பாருங்கள். ஒழுங்காக எழுதி வைத்திருப்பவரை மாதா மாதம் அலைக்கழிக்காதீர்கள். நேர்மையாக நோட்டு எழுதுபவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே மரியாதை என்றால் நாளை யார் எழுதுவார்?