வந்தவர் 4 ஆயிரம், வாங்கியவர் 9!

“தம்பி! என் கடைக்கு 4 ஆயிரம் பேர் வந்தார்களாம். வாங்கியது 9 பேர். மீதிப் பேர் எங்கே போனார்கள்?”

சேலையூரில் இருக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது.

அவர் வீட்டிலேயே பொடி தயாரித்து விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வெங்காய வடகமும் காயும். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மாவுக்கு ஓர் இணையதளக் கடை அமைத்துக் கொடுத்தாள். செல்போனில் விலாசத்தைத் தட்டினால் பொடியின் படம் வரும். விலை வரும். பணம் கட்டினால் கூரியரில் பொட்டலம் வீடு தேடிப் போகும்.

கடை திறந்தாகிவிட்டது. ஆள் வர வேண்டாமா? விளம்பரம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அக்கா ஒரு ஜோடி கம்மலை அடகு வைத்தார். 10 ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மாதக் கடைசியில் ஒரு தாள் வந்தது. “உங்கள் கடையை 4 ஆயிரம் பேர் பார்த்தார்கள். அமோக வெற்றி!” என்று அதில் இருந்தது.

வெற்றி யாருக்கு? 9 பொட்டலம் விற்ற பணத்தில் கம்மலைத் திருப்ப முடியுமா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையதளத்தில் விற்கிறவர் எவ்வளவு சிறிய வியாபாரியாக இருந்தாலும் சரி, விளம்பரக்காரர் கொடுக்கும் தாளை நம்பி இருக்கக் கூடாது. தன் கடையின் வருகைக் கணக்கைத் தானே திறந்து பார்க்க வேண்டும். “எத்தனை பேர் வந்தார்கள்?” என்பது பெரிய கேள்வி அல்ல. “வந்தவர் எந்த இடத்தில் திரும்பிப் போனார்?” என்பதுதான் கேள்வி.

சந்தைக் கடைக்காரர்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிறது. அங்கே பழைய சாமான் விற்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கையில் நோட்டு இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. யார் வேடிக்கை பார்க்க வந்தவர், யார் வாங்க வந்தவர் என்று நடையிலேயே கண்டுகொள்வார். ஒருவர் சாமானைக் கையில் எடுக்கிறார், விலை கேட்கிறார், கீழே வைத்துவிட்டு நடக்கிறார். கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். “ஐயா, வாங்க! 20 ரூபாய் குறைத்துக் கொடுங்க!” என்று குரல் கொடுப்பார். போனவர் திரும்பி வருவார்.

இணையதளக் கடையில் இது நடக்காது. வந்தவர் முகம் தெரியாது. சத்தமில்லாமல் வருகிறார்; சத்தமில்லாமல் போகிறார். கடைக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் வருகைக் கணக்கு. அது எப்படி வேலை செய்கிறது?

இணையதளப் பக்கங்களில் சில வரிக் கட்டளைகளை எழுதி வைப்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒருவர் பக்கத்தைத் திறந்ததும் அந்தக் கட்டளை வேலை செய்யும். எந்தப் பக்கம் திறந்தது, எத்தனை மணிக்கு, செல்போனிலா கம்ப்யூட்டரிலா, எந்த ஊர்ப் பக்கத்தில் இருந்து, எந்த வழியாக என்ற விவரங்களைக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிடும். கணக்குப்பிள்ளை என்பது எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான். முன்பு வந்தவரே மறுபடி வந்தால் அடையாளம் காண, அவருடைய செல்போனில் ஒரு சிறு சீட்டையும் வைத்துவிடுவார்கள். அதற்குக் ‘குக்கி’ என்று பெயர். 1994ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி என்பவர் கண்டுபிடித்தது அது.

இதற்கு நிறையச் செலவு ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் அர்ச்சின் என்று ஒரு கம்பெனி இருந்தது. வருகைக் கணக்குக் கருவி செய்து விற்றது. 2005ல் கூகுள் அதை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் ‘கூகுள் அனலிட்டிக்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இன்றும் சிறு வியாபாரிக்கு அது இலவசம்தான்.

கணக்கு சொன்ன சேதி

அக்காவின் மகள் கடை அமைத்தபோதே இந்தக் கருவியையும் வைத்திருந்தாள். ஆனால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை! பீரோவில் பூட்டி வைத்த பத்திரம் போலக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து திறந்தோம்.

முதல் சேதி: வந்தவர்களில் பெரும்பாலோர் சில நொடிகளிலேயே போய்விட்டார்கள். எங்கிருந்து வந்தார்கள்? செல்போன் விளையாட்டுகளின் நடுவே வந்த விளம்பரத்தில் இருந்து. குழந்தை பலூன் உடைக்கிறது. விரல் தவறி விளம்பரத்தில் படுகிறது. பொடிக்கடை திறக்கிறது. குழந்தைக்குப் பொடி எதற்கு? மூடிவிடுகிறது. ஆனால் ‘வந்தவர்’ கணக்கில் ஒன்று ஏறிவிட்டது. அக்கா அதற்கும் காசு கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது சேதியைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாம்பரம் பகுதியில் இருந்து ஒருவர் தினமும் 10 தடவை கடைக்கு வந்துகொண்டிருந்தார். யார் அந்த விசுவாசமான வாடிக்கைக்காரர்? அக்காவேதான்! யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று தன் கடையைத் தானே திறந்து திறந்து பார்த்திருக்கிறார்.

மூன்றாவது சேதிதான் முக்கியம். 140 பேர் பொடியைக் கூடையில் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டும் பக்கம் வரை வந்திருக்கிறார்கள். அங்கே இருந்து திரும்பியவர்கள் 131 பேர்!

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? மகளின் செல்போனில் திறந்து பார்த்தோம். பொடி 120 ரூபாய். அதன் கீழே, “கூரியர் கூலி 80 ரூபாய்” என்று இருந்தது. அதுவரை எந்தப் பக்கத்திலும் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 120 ரூபாய் என்று நினைத்து வந்தவரிடம் 200 ரூபாய் கேட்டால் என்ன செய்வார்? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்வார்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. “காய்கறிக்காரன் பையில் போட்ட பிறகு விலையை மாற்றிச் சொன்னால் எனக்கே கோபம் வருமே, தம்பி” என்றார்.

பொடியில் குறை இல்லை. விலையிலும் குறை இல்லை. மறைவாக நின்ற 80 ரூபாய்தான் கடையைக் கெடுத்தது. விளம்பரக்காரரின் தாளில் இது இல்லை. அவர் வேலை ஆளைக் கொண்டுவருவது. வந்த ஆள் ஏன் போனார் என்பது அவருக்கு நஷ்டம் இல்லையே!

கூலியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 3 பொடி சேர்த்து வாங்கினால் கூலி இல்லை என்று எழுதினார்கள். விளையாட்டுகளில் வரும் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் வந்தவர்கள் ஆயிரம் பேர் கூட இல்லை. போன பொட்டலம் 34.

விலாசத்துக்கு ஒரு வால்

எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது புதிய தந்திரம் அல்ல. பழைய பத்திரிகை விளம்பரத் தந்திரம். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர நிபுணர் 1923ல் ஒரு புத்தகம் எழுதினார். விளம்பரத்தில் ஒரு கூப்பன் வை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் வேறு வேறு அடையாளம் போடு. எந்த அடையாளம் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று எண்ணு என்பது அவர் வழி.

இன்று கூப்பனுக்குப் பதில் இணைய விலாசத்தின் பின்னால் ஒரு வால் ஒட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலாசத்துக்கு ஒரு வால். இன்ஸ்டாகிராமுக்கு இன்னொரு வால். முடிச்சூர் சாலையில் கொடுக்கும் நோட்டீசில் உள்ள கியூ.ஆர். கட்டத்துக்கு வேறு வால். தொழிலில் இருப்பவர்கள் இதை யு.டி.எம். என்பார்கள். அதில் வரும் ‘யு’, விலை போன அர்ச்சின் கம்பெனியின் முதல் எழுத்து. கம்பெனி போனாலும் எழுத்து நின்றுவிட்டது!

அக்கா வால் ஒட்டிப் பார்த்தார். அதிகமாக வாங்கியவர்கள் எந்த வழியாக வந்தார்கள் தெரியுமா? காசு கொடுத்த விளம்பரம் வழியாக அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழு வழியாக.

ஒபாமாவின் குடும்பப் படம்

இதே கணக்கை அமெரிக்க ஜனாதிபதி தேர்தலிலும் பயன்படுத்தினார்கள். 2008 தேர்தலுக்காக ஒபாமாவின் ஆட்கள் இணையதளம் வழியாக ஆதரவாளர்களைச் சேர்த்தார்கள். முதல் பக்கத்தில் எதைப் போடுவது? குழுவினருக்கு ஒரு சலனப்படம் மிகவும் பிடித்திருந்தது. டான் சிரோக்கர் என்பவர், பிடித்ததைப் போடாமல் சோதித்துப் பார்த்தார். பொத்தானில் 4 விதம். படத்திலும் சலனப்படத்திலுமாக 6 விதம். மொத்தம் 24 பக்கங்கள். வந்தவர்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார்கள். 3 லட்சத்து 10 ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

பழைய பக்கத்தில் 100க்கு 8 பேருக்குச் சற்று மேல் சேர்ந்திருந்தார்கள். வென்ற பக்கத்தில் 100க்கு 11 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். வென்றது எது? ஒபாமா தன் மனைவி மக்களோடு இருக்கும் சாதாரணக் குடும்பப் படம். சலனப்படங்கள் எல்லாம் தோற்றன.

இதைப் படித்துவிட்டு, நாளைக்கே பொத்தானின் நிறத்தை மாற்றிச் சோதிக்கப் போகாதீர்கள்! அவர்களிடம் வந்தது லட்சக்கணக்கான பேர். நம்மிடம் வருவது ஐம்பதும் நூறும். ஒரு ரூபாய் நாணயத்தை 10 தடவை சுண்டினால் 7 தடவை தலை விழலாம். அதற்காக அது தலை மட்டுமே விழும் நாணயம் ஆகிவிடாது. சிறு கடைக்குச் சோதனை வேண்டாம். ஓட்டை எங்கே என்று பார்த்து அடைத்தால் போதும்.

ரயில் பாதையோரம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டுப் பக்கம் போனால் கூடுவாஞ்சேரி வருகிறது. அதற்கு அருகே, ஜி.எஸ்.டி. சாலையில், ஜோஹோ நிறுவனத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. 2009ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அவர்கள் விற்கும் கருவிகளில் ‘பேஜ்சென்ஸ்’ என்று ஒன்று. இணையதளத்துக்கு வந்தவர் எந்த இடத்தைத் தொட்டார், எதுவரை படித்தார், எந்தப் பக்கத்தில் திரும்பினார் என்று காட்டும். அதிகமாகத் தொட்ட இடம் அடுப்புத் தணல் போலச் சிவந்து தெரியும். பல நாட்டு வியாபாரிகள் அதை வாங்குகிறார்கள்.

உலகத்துக் கடைகளுக்குக் கண் கொடுக்கும் நிறுவனம் நம் ரயில் பாதையோரத்தில் இருக்கிறது. அதே ரயிலில் போகிற நம் சிறு வியாபாரி, கம்மலை அடகு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விளம்பரம் செய்கிறார்! எனக்கு இதில்தான் வருத்தம்.

“இதெல்லாம் படித்தவர்கள் வேலை” என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அக்கா படித்தது 8ஆம் வகுப்பு. சீட்டுக் கணக்கும் பால் கணக்கும் பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். தாம்பரத்தைச் சுற்றி எத்தனை கல்லூரிகள்! மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஊறுகாய் போடவும் மெழுகுவர்த்தி செய்யவும் பயிற்சி கொடுக்கிறார்கள். அதோடு இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

வீடு வரை போகாதே

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கடைக்குள் வந்தவரைக் கவனிப்பது வேறு. கடையை விட்டுப் போனவரின் பின்னால் அவர் வீடு வரை போவது வேறு.

ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் மூடுகிறீர்கள். பிறகு ஒரு வாரம் போகிற பக்கமெல்லாம் அதே செருப்பு வந்து நிற்கிறதே, ஏன்? அந்தக் கடையில் வெளி ஆட்களின் ஒற்றுக் கட்டளைகளும் இருக்கின்றன. உங்களைப் பற்றிய சேதியை அவை பல இடங்களுக்குக் கொண்டுபோகின்றன. ஜோஹோ நிறுவனம் அத்தகைய வெளி ஆட்களின் கட்டளைகளைத் தன் இணையதளங்களில் இருந்து நீக்கிவிட்டதாக 2020ல் அறிவித்தது. பெரிய நிறுவனத்தால் முடிந்தது சிறு கடைக்கு முடியாதா?

சட்டமும் வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அக்காவின் கடையில் முன்பு பிறந்த தேதி கேட்டார்கள். பொடி அனுப்பப் பிறந்த தேதி எதற்கு? மகள் அதை எடுத்துவிட்டாள்.

கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஆனால் அக்கா இப்போது ஞாயிறு இரவு தோறும் கணக்கைத் திறக்கிறார். பழைய பால் நோட்டில் எழுதி வைக்கிறார். சென்ற மாதம் அதில் ஒரு புதுச் சேதி கண்டார். இரவு 11 மணிக்கு மேல் குவைத்தில் இருந்து சிலர் வருகிறார்கள். பொடியைப் பார்ப்பதில்லை. நேராக வெங்காய வடகப் பக்கத்துக்குப் போகிறார்கள். வெகு நேரம் பார்க்கிறார்கள். வாங்காமல் போகிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி கடையில் இல்லை.

“வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளாகத்தான் இருக்கும், தம்பி” என்றார் அக்கா.

போன திங்கட்கிழமை அவர் ஒரு கிலோ வடகத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு தாம்பரம் தபாலாபீசுக்குப் போனார். குவைத்துக்கு அனுப்ப என்ன கூலி ஆகும் என்று கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார்.

“முதல் பக்கத்திலேயே போட வேண்டும் அல்லவா?” என்றார்.