மனசைப் பேசவும் ஒரு பாடவேளை வேண்டும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்தது கன்னியாகுமரி மாவட்டம். படிப்பை இப்படிப் போற்றும் இங்கே, பிளஸ் டூ முடிவு வரும் நாளில் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் முதலில் எழும் கேள்வி, "மார்க்கு எவ்வளவு?" மார்க் குறைந்த பிள்ளை அன்று யாரிடம் போய் மனம்விட்டுப் பேசும்? அதைப் பள்ளிதான் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். ஆனால், தற்கொலைத் தடுப்பைப் பற்றி வகுப்பில் பேசினால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஐரோப்பாவின் 10 நாடுகளில் சுமார் 11,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளியானது. மனநலம் பற்றி மாணவர்களே கலந்து பேசிய பள்ளிகளில், ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் மற்றப் பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் மனநல ஆலோசகர் வேண்டும், ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. நம் மாவட்டப் பள்ளிகள் அதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆலோசகர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ ஒவ்வொரு நோட்டிலும் எழுதவையுங்கள். வாடிய முகத்தோடு கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம், "என்ன மக்களே, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேளுங்கள்; பதிலை முழுசாகக் கேளுங்கள். கணக்கும் அறிவியலும் கற்றுத்தரும் பள்ளிக்கு, பிள்ளையின் உயிரைக் காப்பதும் பாடத்திட்டம்தான்.