பெயரன் என்னும் பேரன்

பேரன் என்று இன்று வழங்கும் சொல்லின் பழைய வடிவம் பெயரன் என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். பேத்தி என்பதும் பெயர்த்தி என்பதன் மரூஉவே. உறவைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே ஒரு குல வழக்கத்தைப் பொதிந்து வைத்தது தமிழ்.

அரச குலங்களிலும் இவ்வழக்கின் சாயலைக் காணலாம். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். முதலாம் இராசராசன் இராசகேசரி. மைந்தன் இராசேந்திரன் பரகேசரி. அவன் மைந்தன் இராசாதிராசன் மீண்டும் இராசகேசரி. பாட்டனின் பட்டம் பெயரனுக்கு வந்து சேர்ந்தது. வடபுலத்தில், முதலாம் சந்திரகுப்தனின் பெயரனே விக்கிரமாதித்தன் எனப் புகழ்பெற்ற இரண்டாம் சந்திரகுப்தன். கடல் கடந்த கிரேக்க நாட்டிலும், ஏதென்ஸ் நகரின் மக்களாட்சிக்கு அடிகோலிய கிளைஸ்தனீஸ் தம் தாய்வழிப் பாட்டனின் பெயரையே தாங்கியவர்.

ஆயினும், மூத்தோர் பெயரை இடுவது மட்டுமே மரியாதை என்று உலகம் முழுவதும் கருதவில்லை. பண்டைச் சீனத்தில் தந்தை, பாட்டன், பேரரசன் ஆகியோரின் பெயரை உச்சரிப்பதே குற்றமாக எண்ணப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயர் ஹெங் என்பது. அதனால் ஹெங் என்று பெயர் பெற்றிருந்த மலை சாங் எனப் பெயர் மாறியது. நிலவில் உறைவதாக அம்மக்கள் போற்றும் தேவியின் பெயரும் ஹெங்அ என்பதிலிருந்து சாங்அ என்றாயிற்று. யூதருள்ளும் இரு வழக்குகள் உண்டு. செபார்டி மரபினர் வாழ்ந்திருக்கும் பாட்டனாரின் பெயரைக் குழந்தைக்கு இட்டு மகிழ்வர். அஷ்கெனாசி மரபினரோ மறைந்தவர் பெயரை மட்டுமே இடுவர்.

இவ்விரண்டு மரியாதைகளும் தமிழ் இல்லங்களில் ஒருங்கே குடிகொண்டிருந்தன. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இட்டனர். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பதால், அக்குழந்தையை ராஜா என்றும் கண்ணா என்றும் அழைத்தனர். ஒரே பெயரை இட்டும் போற்றினர், சொல்லாமலும் போற்றினர்.

இந்து சமயம் தழைத்திருக்கும் பாலித் தீவில் நிலைமை வேறு. அங்கே முதற்குழந்தை வயான், இரண்டாவது மதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெத்துட் என்று பிறந்த வரிசையே பெயராகிறது. ஐந்தாவது குழந்தை மீண்டும் வயான். பிள்ளை பிறந்தபின் பெற்றோர் இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்றும், பேரன் பிறந்தபின் பாட்டனார் இன்னாரின் பாட்டன் என்றும் அழைக்கப்படுவது அம்மக்களின் பழைய வழக்கம். அங்கே பாட்டனிடமிருந்து பேரனுக்குப் பெயர் செல்வதில்லை. பேரனிடமிருந்தே பாட்டனுக்கு வருகிறது.

பேரனுக்குத் தம் பெயர் வைக்கப்படவில்லையே என்னும் ஏக்கம் இன்று முதியோர் பலரின் உள்ளத்தில் உண்டு. எந்தத் தெய்வத்தையும் சுட்டாமல், ஓசை ஒன்றையே கருதி இடப்படும் பெயர்களைக் கேட்கும்போது அவ்வேக்கம் மிகுகிறது. பெயரிடுதலைப் பற்றித் தனிப் பதிகமே பாடிய பெரியாழ்வார், திருமால் நாமத்தைப் பிள்ளைக்குச் சூட்டுமாறு பெற்றோரை வற்புறுத்துகிறார். பிள்ளையை அழைக்கும்தோறும் பெருமான் திருநாமம் நாவில் ஏறும் என்பதே அதன் பயன். கடைசி மகனுக்கு நாராயணன் எனப் பெயரிட்ட அஜாமிளன், மரண வேளையில் அம்மகனை அழைத்தே உய்வு பெற்றதைப் பாகவதம் உரைக்கிறது.

ஏக்கத்துக்கு மருந்து மரபிலேயே இருக்கிறது. நாமகரணத்தில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும், பாட்டனாரின் பெயர் சர்ம நாமமாகவும் அமைவது பல குடும்பங்களின் வழக்கம். அதுவும் இல்லையெனினும் குறையில்லை. சிராத்தத்திலும் தர்ப்பணத்திலும் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று தலைமுறையின் பெயர்கள் கோத்திரத்துடன் சொல்லப்படுகின்றன. தாய்வழி முன்னோரும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். வாழும் நாளில் மருமகள் சொல்லத் தயங்கிய பெயரை, பின்னாளில் மகனும் பேரனும் எள்ளும் நீரும் கையில் ஏந்தி உரக்கச் சொல்கின்றனர்.

ஆனால், புரோகிதர் கேட்கும்போது முப்பாட்டனாரின் பெயர் தெரியாமல் விழிக்கும் இளைஞர் இன்று பலர். அப்பெயர்களை ஒரு ஏட்டில் எழுதி, இன்னார்க்கு அண்ணாமலை என்று பெயர் வந்தது எந்த வேண்டுதலால், இன்னார்க்கு வைத்தியநாதன் என்று பெயர் வந்தது எந்த நோய் தீர்ந்ததால் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது முதியோரால் மட்டுமே இயலும். தம் பெயரைத் தாங்காத பேரனும் அவற்றை மறவாமல் சொல்வானாயின், அவன் பெயரனே.