எல்லோரும் நல்ல டிரைவர் என்றால் இடிப்பது யார்?

"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்ற கேள்வியை ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் சென்னையில் யாரும் வண்டி ஓட்டிவிட முடியாது. குறுக்கே புகுந்த ஆட்டோக்காரரைப் பார்த்து பைக்கில் போகிறவர் கேட்பார். அவரையே அடுத்த சிக்னலில் பேருந்து ஓட்டுநர் கேட்பார். பேருந்து ஓட்டுநரைக் கார்க்காரர் கேட்பார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. கேட்டவர் ஒவ்வொருவருக்கும் தாம் கேட்டதுதான் நியாயம். கேட்கப்பட்டவர்களில் ஒருவரும் அது தமக்குரிய கேள்வி என்று எடுத்துக்கொள்வதில்லை. இரவு வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போது எல்லோரும் சலித்துக்கொள்வது ஒன்றைத்தான்: "ஊர்ல எவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியல."

அந்த ஊரின் கணக்கையும் பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு முதலிடம்: 64,105. நம் காவல் நிலையங்கள் சின்ன மோதலையும் ஒழுங்காகப் பதிவு செய்வதால்தான் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறது என்று ஒரு சமாதானம் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால், உயிரிழப்பிலும் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்: 17,884 பேர். மரணத்தைப் பதிவேட்டின் தலையில் கட்டிவிட முடியாது. நாடு முழுவதும் நடந்த மரணங்களில் ஏறத்தாழ 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை.

ஓட்டுகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை எண்ணிக்கையாகச் சொல்லிப் புகழ்பெற்றவர் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர். 1981இல் வெளியான அவருடைய ஆய்வில் அமெரிக்காவிலும் சுவீடனிலும் மாணவர்களிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: இங்கே உள்ளவர்களைத் திறமைப்படி வரிசையில் நிறுத்தினால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் மேல்பாதியில் நின்றுகொண்டார்கள். சுவீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம், 69 சதவீதம். 'நீங்கள் எவ்வளவு பாதுகாப்பாக ஓட்டுகிறீர்கள்?' என்று கேட்டபோது 88, 77 என்று வந்தது. வரிசையின் மேல்பாதியில் பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு. மிச்சப் பேர் அங்கே எப்படி ஏறினார்கள் என்பதுதான் கேள்வி.

இது அந்தக் காலத்து மாணவர்களின் துடுக்கு என்று தள்ளவும் முடியாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட கணிப்பில் 73 சதவீதம் பேர் தங்களைச் சராசரியைவிட மேலான ஓட்டுநர் என்றார்கள். ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேர்.

இவற்றையெல்லாம்விட வியப்பானது 1965இல் பிரெஸ்டன், ஹாரிஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த 50 ஓட்டுநர்களிடம், 'உங்கள் ஓட்டுதல் எப்படி?' என்று கேட்டார்கள். விபத்தே செய்யாத 50 பேரிடமும் அதையே கேட்டார்கள். இரு தரப்பின் பதிலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களும் 'மோசம்' என்ற முனையிலிருந்து விலகி, 'நிபுணர்' என்ற முனைக்குப் பக்கமாகத் தங்களை வைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்த 50 பேரில் 34 பேர் மீதுதான் தவறு என்று காவல்துறை எழுதியிருந்தது.

இதைத் தற்பெருமை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால், தற்பெருமை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. குழம்பில் உப்பு கூடினால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடுகிறது. சாலை அப்படி உடனுக்குடன் மதிப்பெண் போடுவதில்லை. வளைவில் எதிரே என்ன வருகிறதென்று தெரியாமல் லாரியை ஓவர்டேக் செய்கிறார் ஒருவர். அன்றைக்கு எதிரே எதுவும் வரவில்லை. அவர் கணக்கில் அது ஒரு நல்ல ஓவர்டேக். நூறு முறை அப்படியே நடந்தால், அது நூறு முறை கிடைத்த அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தோன்றாது. தன் கைப்பழக்கம் என்றே தோன்றும். மயிரிழையில் தப்பிய நேரங்களும் தன் சாமர்த்தியத்தின் கணக்கில்தான் சேரும்: "சட்டுனு கட் அடிச்சேன், இல்லேன்னா அவன் காலி." அந்த நிலைமை ஏன் வந்தது என்று திரும்பிப் பார்க்க அவருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. "இருபது வருஷ சர்வீஸ், ஒரு கோடு விழுந்ததில்லை" என்கிறவரின் பின்னால், அவருக்காகப் பிரேக் பிடித்த எத்தனையோ பேர் இருக்கலாம்.

போதாக்குறைக்கு, எது நல்ல ஓட்டுதல் என்பதில் ஊருக்குள் ஒத்த கருத்தே இல்லை. ஹாரனில் கையை வைத்தபடியே போகிறவர் அதைத்தான் எச்சரிக்கை என்று நினைக்கிறார். சாலையின் நடுவே நாற்பதில் உருட்டுகிறவருக்கு நிதானமே திறமை. இண்டு இடுக்கில் புகுந்து பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்கிறவருக்கு நெளிவு சுளிவே திறமை. ஆளாளுக்குத் தாம் எதில் கெட்டியோ அதையே தேர்வாக வைத்துத் தாமே திருத்திக்கொண்டால் எல்லோரும் தேறத்தான் செய்வார்கள்.

சரி, உண்மையிலேயே திறமை கூடினால் விபத்து குறையுமா? எல்லோரும் 'ஆமாம்' என்று சொல்லும் இடம் இது. ஆனால், கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு மாதிரி இருக்கின்றன.

ஆலன் வில்லியம்ஸ், பிரையன் ஓநீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் அமெரிக்காவில் பந்தயக் கார் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர்களின் சாதாரணச் சாலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். புளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். வளைவில் காரைத் திருப்புவதிலும் வழுக்கும்போது நிமிர்த்துவதிலும் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால், அதே வயதுள்ள மற்ற ஓட்டுநர்களைவிட இவர்களுக்கு அபராதச் சீட்டும் அதிகம். பொதுவாகப் பார்த்தால் விபத்தும் அதிகம். பந்தயத்துக்குப் போகிற சுபாவமே வேகமானது, திறமை அதற்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நார்வேயின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். பனியில் சறுக்கும் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை அங்கே புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1988இல் அதன் பலனை ஆராய்ந்தபோது, வழுக்கும் சாலைகளில் இளைஞர்களின் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. பயிற்சி கொடுத்த திறமையைவிட அது கொடுத்த தைரியம் பெரிதாக இருந்துவிட்டது.

அடுத்து, 1996இல் சுவீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் இதையே சோதனையாகச் செய்து காட்டினார். கற்றுக்கொள்ளும் ஓட்டுநர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடித்து விலகும் வித்தையைப் பழக்கினார். இன்னொரு குழுவுக்கு, 'இந்த நிலைமையில் உன் வித்தை எதுவும் எடுபடாது' என்பதை உணர்த்துவதற்கே பயிற்சி. பிறகு இரு குழுவையும் சோதித்தபோது நிஜத் திறமையில் வித்தியாசமில்லை. முதல் குழு மட்டும் தன்னைப் பற்றி உயர்வாக மதிப்பிட்டிருந்தது.

"பிரேக் என் காலில்தானே இருக்கு" என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த நல்ல சாலை, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 45 மீட்டரில் நிற்கும். 80இல் வரும் கார், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே 33 மீட்டரைத் தாண்டிவிடும். நிற்க 69 மீட்டர் ஆகும். முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் இன்னும் 65 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். இதில் ஸ்டியரிங் பிடித்தவரின் திறமைக்கு வேலை இல்லை. அரை விநாடி சுறுசுறுப்பானவர் என்றாலும் அவரால் மிச்சப்படுத்த முடிவது 11 மீட்டர்தான்.

செல்போனிலும் இதே கதை. 2006இல் வெளியான யூட்டா பல்கலைக்கழக ஆய்வொன்று, செயற்கை ஓட்டுமேடையில் போன் பேசிக்கொண்டே ஓட்டியவர்களை, ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹாலுடன் ஓட்டியவர்களோடு ஒப்பிட்டது. போன் பேசியவர்கள் மேலாக இல்லை. போன் கையில் இருந்தாலும் காதில் மாட்டியிருந்தாலும் ஒன்றுதான். அதே பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியும் என்ற நம்பிக்கை அதிகம் உள்ளவர்கள், நிஜத்தில் அதில் கெட்டிக்காரர்களாக இல்லை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி போகிறவரிடம் இதைச் சொன்னால், "அது மத்தவங்களுக்கு சார்" என்பார்.

விழிப்புணர்வுப் பிரசாரங்கள் தோற்பதும் இங்கேதான். ஆண்டுதோறும் ஜனவரியில் பேரணி, துண்டறிக்கை, எமன் வேடம் போட்டு சிக்னலில் ஒருவர். பார்க்கிறவர் தலையாட்டுகிறார், பக்கத்து வண்டிக்காரரை மனதில் வைத்து. 2001இல் வெளியான ஒரு நியூசிலாந்து ஆய்வும் இதைத்தான் சொன்னது: மற்றவர்கள் தன்னைவிட வேகமாகப் போகிறார்கள் என்று நம்புகிறவர், வேகத்துக்கு எதிரான விளம்பரம் தனக்கானதில்லை என்று விட்டுவிடுகிறார். 'நிதானமாக ஓட்டுங்கள்' என்ற பலகைக்கு ஆகும் பெயின்ட் செலவில் கொஞ்சத்தை வேகக் கேமராவுக்குத் திருப்பினால் தவறில்லை. கேமரா யாருடைய சுயமதிப்பீட்டையும் கேட்பதில்லை.

தன் கையில் நம்பிக்கை குறைந்தால் ஒரு நாடே எப்படி ஓட்டும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1967 செப்டம்பர் 3 அதிகாலையில் சுவீடன் இடதுபக்கப் போக்குவரத்திலிருந்து வலதுபக்கத்துக்கு மாறியது. முப்பது ஆண்டு அனுபவக்காரரும் ஒரே இரவில் கற்றுக்குட்டி. குழப்பத்தில் ரத்த ஆறு ஓடும் என்று பயந்தவர்கள் உண்டு, நடந்ததோ நேர்மாறு. விபத்துகள் கணிசமாகக் குறைந்தன. வேக வரம்பைத் தற்காலிகமாகக் குறைத்திருந்ததும் ஒரு காரணம். ஆனால், புதுப்பக்கம் பழகிப் பழைய தெம்பு திரும்பியபோது விபத்தும் திரும்பியது. 1969க்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

இதற்காக எல்லா ஓட்டுநர்களையும் பயந்தாங்கொள்ளிகளாக்கச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் தடுமாறி நிற்கிற ஓட்டுநரும் ஆபத்துதான். கேள்வி, எந்தத் திறமையைத் தேர்வு வைத்துப் பார்க்கிறோம் என்பது. நம் ஊரில் லைசென்ஸ் என்றால் எட்டு போடுவது. காலை ஊன்றாமல் இரண்டு வட்டம் சுற்றி வந்தால் போதும். எட்டு போடும்போது எதிரே யாரும் வருவதில்லை. பந்து உருண்டு வராது, பின்னாலேயே குழந்தை ஓடி வராது. வண்டி தன் சொல் கேட்கிறது என்ற நம்பிக்கையோடு ஒரு பதினெட்டு வயதுப் பையனை ஜிஎஸ்டி சாலைக்கு அனுப்பிவைக்கிறோம். நார்வே செய்த தவறை இன்னும் மலிவாகச் செய்கிறோம்.

பிரிட்டன் 2002 நவம்பரில் தன் எழுத்துத் தேர்வோடு ஆபத்தை முன்னறியும் தேர்வைச் சேர்த்தது. 14 சின்னப் படக்காட்சிகள், அவற்றில் உருவாகி வரும் 15 ஆபத்துகள். எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டு பொத்தானை அழுத்துகிறாரோ அவ்வளவு மதிப்பெண். கார் ஓட்ட விரும்புகிறவர் 75க்கு 44 எடுக்க வேண்டும். நியூசிலாந்து 1987இலேயே உரிமத்தைப் படிப்படியாகத் தரும் முறைக்குப் போய்விட்டது: தனியாக ஓட்டலாம், ஆனால் குறிப்பிட்ட காலம் வரை இரவு பத்து மணிக்கு மேல் கூடாது, கூட்டாளிகளை ஏற்றக் கூடாது. இரண்டுமே ஓட்டுநரின் தன்னம்பிக்கையை வளர்ப்பதற்காக வந்தவை அல்ல.

இங்கே எல்எல்ஆர் தேர்வு ஏற்கெனவே கணினித் திரைக்கு வந்துவிட்டது. போக்குவரத்துச் சின்னங்களைக் காட்டி விடை கேட்கும் அதே திரையில் நம் சாலைகளின் படக்காட்சிகளை ஓடவிடுவதில் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. பிரிட்டனின் படங்கள் நமக்கு உதவாது. நமக்கு வேண்டிய காட்சிகள் வேறு: நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கு முன்னாலிருந்து சாலையில் இறங்கும் பள்ளி மாணவி, இரவில் விளக்கில்லாமல் இடது ஓரம் நிற்கும் கரும்பு டிராக்டர், மீடியன் இடைவெளியில் எதிர்த்திசையில் முளைக்கும் மொபெட், நிறுத்திய காரில் திறக்கப்போகும் கதவு. சாலையில் பொருத்தியுள்ள கேமராக்களில் இவை தினமும் பதிவாகின்றன. அவற்றிலிருந்து முதல் நூறு காட்சிகளைப் பொறுக்கி எடுத்து, ஒரே ஒரு மாவட்டத்தில் ஓராண்டு வைத்துப் பார்க்கலாம். எட்டு போடுவதற்கு மட்டும் பழக்கித் தரும் டிரைவிங் ஸ்கூல்கள் முணுமுணுக்கும். முதல் ஆண்டில் தோல்வி விகிதம் எகிறும், சிபாரிசுக் கடிதங்களும் வரும். போக்குவரத்துத் துறை அதற்குத் தயாராக வேண்டும்.