பாதம் பார்க்கும் படிப்பும் 2.4 புள்ளியும்

ஜொகூர், கூலாயைச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் வாங்கியிருக்கிறாள், சிஜிபிஏ 2.4. “அக்கா, பொடியாட்ரி படிக்கணும்னு ஆசை. இந்தப் புள்ளிக்கு யாராவது எடுப்பாங்களா?” என்கிறாள். கட்டாயம் எடுப்பார்கள் என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பாதத்தைக் கவனிக்கும் இந்தப் படிப்பு நமக்குத் தேவை.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்புநீர் முற்றினால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. “சின்னப் புண்ணுதானே” என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்த எத்தனை தாத்தா பாட்டிகளுக்கு விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுத்திருக்கிறார்கள்! ஜொகூரில் தோட்டத்து வேர் உள்ள எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். பொடியாட்ரிஸ்ட் அந்தப் புண் வருவதற்கு முன்பே பாதத்தைப் பார்ப்பவர். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். காய்த்த தோலைச் சீவி எடுப்பார், அழுத்தம் குறையும்படி காலணியை மாற்றுவார்.

இந்த அறிவுக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கை கால்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயம்தான் என்று காட்டினார். மென்மையான ரப்பர் செருப்புகள் அங்கே தயாராயின. 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அதே பாடத்தை இனிப்புநீர்ப் பாதங்களுக்கும் கொண்டுசென்றார். தமிழ்நாட்டு நோயாளிகளின் பாதங்களில் கற்றதை இன்று உலகமே பயன்படுத்துகிறது.

சரி, 2.4க்கு வருவோம். இந்தப் படிப்புக்கு நம் பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகிறார்கள். அமெரிக்காவில் பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வையும் பல கல்லூரிகள் கேட்கும். அங்கே ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினாலும் பழைய மதிப்பெண் அழிவதில்லை, இரண்டையும் சேர்த்தே சராசரி பார்க்கிறார்கள். 2.4 வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவது மிகக் கடினம், செலவும் அதிகம். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டம் உண்டு. வேறு பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாண்டு முதுகலையும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. முதுகலைக்கும் 2.4 போதாமல் போகலாம் என்பதால், என் கணிப்பில் இந்தத் தங்கைக்கு ஏற்ற வழி அந்த மூன்றாண்டுப் பட்டம்தான். மறுபடி இளங்கலையா என்று வெட்கப்பட வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் புள்ளி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். முதலாண்டு வேதியியலில் சறுக்கி, கடைசி ஆண்டு உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் ஏறியிருந்தால், விண்ணப்பக் கடிதத்தில் அதை நான்கே வரியில் சொல்லிவிடலாம். இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்திருந்தால் அதையும் சொல்லலாம், அழுகை வேண்டாம். அந்த ஏற்றம் இல்லையென்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்காமல், ஏதாவது ஒரு கல்லூரியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் நன்றாகப் படித்துக் காட்டுவது மேல். கூடவே, இனிப்புநீர் நோயாளிகள் வரும் கிளினிக்கில் ஒரு வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் ஆறு மாதம் நின்ற பிள்ளையைப் பற்றி அங்குள்ள மருத்துவர் எழுதித் தரும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

ஏஜண்டிடம் பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள். பிரிட்டன் என்றால், அந்தப் படிப்பு அங்குள்ள சுகாதாரத் தொழில் மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா? திரும்பி வந்தால் இங்கே எந்தப் பதவியில், யார் ஒப்புதலோடு வேலை செய்யலாம்? இந்த இரண்டாவது கேள்விக்குச் சுகாதார அமைச்சிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை வீட்டு கிராண்டை வங்கியில் அடகு வைக்காதீர்கள்.

ஜொகூரில் கல்வி நிதி வைத்திருக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு மேடையில் காசோலை கொடுக்கிறீர்கள், நல்லது. அடுத்த ஆண்டிலிருந்து பொடியாட்ரி, பிசியோதெரபி, உணவியல் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விண்ணப்பப் பாரத்தில் 3.5 புள்ளி வேண்டும் என்று போட்டிருக்கும் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.